செல்வியின் வீட்டுக்குப் போய்வந்தேன், அக்கா

என் எஸ்தர் அக்காவுக்கு,

உனக்கு எழுத உட்கார்வது இது நான்காவது தடவை. முதல் மூன்றையும் கிழித்துப் போட்டுவிட்டேன். மூன்றிலும் நீ ரொம்ப நல்லவளாக இருந்தாய். நான் அதைவிட நல்லவளாக இருந்தேன்.

உன் முதலாம் ஆண்டு நினைவுக்கு ஒரு மலர் போடுகிறார்கள். உன் புத்தகங்களைப் போட்ட பதிப்பாளர் சார் வேலூரிலிருந்து போன் பண்ணினார். "தங்கச்சி எழுதாம மலர் எப்படிம்மா? ரெண்டு பக்கம், இனிமையா, குழந்தைங்களும் படிக்கிற மாதிரி எழுதிக் குடுங்க" என்றார். சரி சார் என்றேன். எழுதத் தெரிந்தவள் நீ. எனக்கு ஷூ கம்பெனி லைனில் இன்றைக்கு எத்தனை ஜோடி இறங்கியது என்று எழுதத்தான் தெரியும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனிலும், சாயந்திரம் கம்பெனி பஸ்ஸிலுமாக இதை எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருக்கிறது. பொறுத்துக்கொள்.

உனக்கு எப்போதும் செய்திதான் முதலில் வேண்டும். பாலாற்றில் இந்த ஐப்பசியில் மூன்று நாள் தண்ணீர் ஓடியது. ஜனங்கள் பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் படம் எடுத்தார்கள். டிராபிக் போலீஸ்காரர் கத்திக் கத்திப் பேஜாராகிவிட்டார். ஓரத்தில் வழக்கம்போல நுரை. நீ இருந்திருந்தால் ஸ்கூட்டரைச் சாய்த்துவிட்டு இறங்கி ஒரு பாட்டிலில் பிடித்திருப்பாய்.

ஆற்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் உன் இடது கால் ஷூ கதையை நாடகமாகப் போட்டார்கள். இடது கால் ஷூவாக நடித்த பெண் வசனத்தை மறந்து மேடையிலேயே அழுதுவிட்டாளாம். வலது கால் ஷூ ஓடி வந்து அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டதாம். கதையில் அது கிடையாது. ஆனால் உனக்குப் பிடித்திருக்கும் என்று நினைத்தேன். உன் ஸ்கூட்டரை விற்கவில்லை. என் வீட்டுக்காரர் ஜான்சன் வாரத்துக்கு ஒரு தடவை உதைத்து ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துவிட்டு அணைத்து வைக்கிறார்.

செய்தி அவ்வளவுதான். இனி நான் சொல்ல வந்ததைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் இதைப் படிக்கிறவர்களுக்கு நீ யார் என்று தெரிய வேண்டும். உன் கதைகளைத்தான் அவர்களுக்குத் தெரியும்.

அப்பாவுக்கு வேலூரில் ஆஸ்பத்திரி வேலை. புண்ணுக்குக் கட்டுப் போடுவார். நாம் குவார்ட்டர்ஸில் வளர்ந்தோம். உனக்குப் பேச்சு திக்கும். சில எழுத்துகள் வாசலில் நின்றுகொண்டு உள்ளே வரமாட்டேன் என்கிற விருந்தாளி மாதிரி அடம் பிடிக்கும். நான் உனக்கு நாலு வயது சின்னவள். எனக்குப் பொறுமை கிடையாது. நீ ஆரம்பித்த வாக்கியத்தை எல்லாம் நான்தான் முடித்து வைப்பேன்.

ரேஷன் கடையில் ஒரு தடவை "கெ... கெ..." என்று நின்றாய். வரிசை சிரித்தது. நான் முந்திக்கொண்டு, "கெரசின் ரெண்டு லிட்டர் அண்ணே" என்றேன். வெளியே வந்ததும் தலையில் ஒரு கொட்டு வைத்தாய்.

"என் வாக்கியத்த நீ முடிக்காத. நான் வேற சொல்ல வந்தேன்."

"இன்னா சொல்ல வந்த?"

"கெ... கெட்டுப்போன அரிசியப் போடாதீங்கன்னு."

அப்போது உனக்குப் பன்னிரண்டு வயது. நீ பத்திரிகைக்காரியாகத்தான் போவாய் என்று அன்றைக்கே யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். யாருக்கும் தெரியவில்லை. அப்பா உன்னை நர்ஸிங்குக்கு அனுப்பப் பார்த்தார். நீ தமிழ் படித்தாய். படித்து முடித்து ஒரு நாளிதழில் ஆம்பூர் நிருபராகச் சேர்ந்தாய். என் கல்யாணம் முடிந்து நானும் ஆம்பூருக்கு வந்திருந்தேன். எங்கள் வீட்டு மாடி அறையில் நீ வந்து குடியேறினாய். உனக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று அக்கம்பக்கத்தில் கேட்டால், "பொண்ணு பாக்க வர்றவங்க ஒரு கேள்வி கேட்டா, நான் பதில் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பஜ்ஜி ஆறிடும்" என்பாய்.

பிரஸ் மீட்டில் உன் கேள்வி முடிவதற்குள் அதிகாரிகள் எழுந்து போய்விடுவார்கள். அதனால் நீ கேள்வியைத் தாளில் எழுதி நேராக அவர்கள் கையில் கொடுக்க ஆரம்பித்தாய். பேசிய கேள்விக்கு மழுப்பலாம். எழுதிக் கையில் கொடுத்த கேள்வியை என்ன செய்வார்கள்? தோல் பதனிடும் டேனரிகளின் கழிவுத் தண்ணீர் கிணற்றுக்குள் இறங்கியதை எழுதினாய். பெண்களை ஆடு மாடு மாதிரி அடைத்துக்கொண்டு போகும் பஸ்களைப் பற்றி எழுதினாய். நான் ஷூ கம்பெனியில் தையல் லைனுக்கு சூப்பர்வைசர். என் அக்கா பேப்பரில் எழுதுகிறாள் என்று அங்கே யாரிடமும் நான் சொல்லிக்கொண்டதில்லை. ஒளித்தேன் என்று எழுதுவதுதான் சரி.

ஒன்பது வருஷத்துக்கு முந்தைய அந்தக் கத்திரி வெயில். அதைத்தான் கிழித்துப் போட்ட மூன்று தாளிலும் எழுதாமல் தாண்டிப் போனேன்.

எங்கள் தையல் லைனை ஒட்டினாற்போல, அதே ஹாலில், அடிப்பாகத்தை சொல்யூஷன் போட்டு ஒட்டும் பிரிவு இருந்தது. அந்த நெடியை வெளியே இழுக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் நின்றுபோனது. நான் ரெஜிஸ்டரில் எழுதினேன். ஒரு வாரம் கழித்து மறுபடி எழுதினேன். மூன்று வாரம் அது ஓடவே இல்லை. ஒரு மத்தியானம் ஒரு பெண் விழுந்தாள். அவளைத் தூக்கப் போனவள் விழுந்தாள். பிறகு இன்னும் நாலு பேர். கம்பெனி வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காலையில் சாப்பிடாமல் வேலைக்கு வந்ததால் மயக்கம் என்று கம்பெனி சொன்னது.

நீ ஆஸ்பத்திரிக்கு வந்தாய். அந்தப் பிரிவில் வேலை செய்த செல்வி, மயங்கி விழுந்தவர்களுக்குத் துணையாக வந்தவள், வெளி கேட்டில் நின்றிருந்தாள். வெயிலில் வந்த உனக்கு அவள் தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்தாள். நீ கேட்டதற்கு, "உள்ள நெடி ஜாஸ்திக்கா, எனக்கு வேற ஒண்ணும் தெரியாது" என்று மட்டும் சொன்னாள். நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டு நின்றதைக் கம்பெனி ஆட்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

சாயந்திரம் நீ வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டாய். நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்க்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். ஃபேன், மூன்று வாரம், ரெஜிஸ்டர், அதில் கிழிக்கப்பட்டிருந்த பக்கம்.

"என் பேர் வரக் கூடாதுக்கா."

"வராது."

"மூணு வாரம்னு போடாத. அந்தக் கணக்கு ரெஜிஸ்டர் பாக்குற எங்க நாலஞ்சு பேருக்குத்தான் தெரியும்."

நீ பேனாவை மூடிக்கொண்டு மாடிக்குப் போனாய். மறுநாள் காலை பேப்பரைப் பிரித்தேன். முதல் வரியிலேயே 'மூன்று வாரங்களாக' என்று இருந்தது. பேப்பரை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடி வந்தேன். "ஏன் போட்ட?" என்று கத்தினேன்.

"அ... அதுதான் செய்தி, ரூத்து. அது இல்லன்னா யாரோ மயங்கி விழுந்தாங்க, அவ்ளோதான்."

நீ சொன்னது சரிதான் அக்கா. இரண்டு நாளில் புது ஃபேன் வந்தது, ஒன்றுக்கு மூன்றாக. அதற்குப் பிறகு அந்த ஹாலில் யாரும் விழவில்லை. உன் வேலையில் இதுதான் பெரிய காரியம் என்று நான் நினைக்கிறேன். உன் புத்தகங்களின் பின்னட்டையில் இது இல்லை.

நான்காவது நாள் செல்வியை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். அவள் "நான் சொல்லல சார், எனக்கு எத்தன வாரம்னே தெரியாது சார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். வேலையைவிட்டு எடுக்கும் கடிதத்தை மேஜைமேல் வைத்தார்கள். அதற்கு சாட்சியாக சூப்பர்வைசர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் போட்டேன்.

அப்போது ஜான்சன் லாரி இடித்துக் கால் உடைந்து படுத்திருந்தார். வீடு என் சம்பளத்தில் ஓடியது. இதை எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொய் இல்லை. ஆனால் அவர் எழுந்து நடமாடி, வேலைக்கும் போக ஆரம்பித்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லையே, அதற்கு என்ன காரணம்?

அன்றைக்கு சாயந்திரம் உன்னிடம் சொன்னதும் நீ செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாய். "நா... நான் போய் சொல்றேன், செல்வி இல்லன்னு" என்றாய். "அப்ப யாருன்னு கேப்பாங்களே?" என்றேன். நீ வாசல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாய். ரொம்ப நேரம் கழித்துச் செருப்பைக் கழற்றினாய்.

உன் முறை அடுத்த வாரம் வந்தது. கம்பெனி வக்கீல் நோட்டீஸ் விட்டார். "யாரு சொன்னதுன்னு ஆபீஸுக்காவது சொல்லுங்க, நாங்க கேஸ் நடத்துறோம். இல்லன்னா நீங்களே மறுப்பு எழுதிக் குடுங்க" என்றார் உன் பேப்பர் ஆசிரியர். நீ பெயரும் சொல்லவில்லை, மறுப்பும் எழுதவில்லை. நாலு வரியில் அவர்களே வருத்தம் தெரிவித்துப் போட்டார்கள். உன் அடையாள அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். நம் மூன்று பேரில் வேலை போகாதவள் நான் ஒருத்திதான். அடுத்த வருஷம் எனக்கு இரண்டு லைன் கொடுத்தார்கள்.

நாலைந்து மாதம் நீ மாடியைவிட்டு இறங்கவில்லை. பிறகு சனிக்கிழமைகளில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மாதனூர் பக்கம் போக ஆரம்பித்தாய். ஏதோ பள்ளிக்கூடத்தில் கதை சொல்லப் போகிறாய் என்று நினைத்தேன். கேட்கவில்லை. ஒருநாள் பத்துப் பதினைந்து தாளை என் முன்னால் போட்டு, "படி" என்றாய். வலது கால் ஷூ மட்டும் பெட்டியில் ஏறிக் கப்பலில் போய்விடுகிறது; இடது கால் ஷூ ஆம்பூரிலேயே நின்றுவிடுகிறது; அது தன் ஜோடியைத் தேடிப் புறப்படுகிறது. அதைத் தைத்த பெண்ணின் பேர் செல்வி.

நான் அந்த இடத்தில் தாளை மூடி வைத்துவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போனேன். அடுப்பில் பால் இல்லை. உனக்கும் தெரியும்.

ஏழு புத்தகம் எழுதினாய். ஏழிலும் ஒரு செல்வி. ஒன்றில் பஸ் கண்டக்டர், ஒன்றில் டாக்டர், ஒன்றில் காக்கை. ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்திலும் 'ரூத்துக்கு' என்று எழுதிக் கொடுத்தாய். ஒரு வார்த்தைகூட என்னைக் கேட்கவில்லை. நீ வாய் திறந்து திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். அழுதிருப்பேன். ஒருவேளை மறுநாளே போய் உண்மையைச் சொல்லியும் இருப்பேன். நீ பேசாமல் இருந்தது எனக்குச் செய்த உதவியா, தண்டனையா? இன்னும் எனக்குப் புரியவில்லை.

ஜனங்கள் உன்னைக் குழந்தைகள் எழுத்தாளர் என்று கூப்பிட்டார்கள். நீ மட்டும், "நான் இன்னும் ரிப்போர்ட்டர்தான், இப்ப சின்னவங்க பேப்பர்ல இருக்கேன்" என்பாய். அணைக்கட்டு, மேல்விஷாரம், வாணியம்பாடி என்று கூப்பிட்ட பள்ளிக்கெல்லாம் போனாய். நான் ஒரே ஒரு தடவை உன்னோடு வந்தேன். ஒரு வார்த்தையில் நீ மாட்டிக்கொண்டு நின்றபோது என் வாய் தானாகத் திறந்தது. அந்தக் குழந்தைகள் ஒன்றுகூட அசையவில்லை. நாற்பது முகமும் உன் வாயையே பார்த்துக்கொண்டு, அந்த வார்த்தை வரும் வரை காத்திருந்தன. வார்த்தை வந்தது. கதை தொடர்ந்தது. திரும்பி வரும்போது, "பெரியவங்களுக்குத்தான் அவசரம்" என்றாய். என்னைச் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு உன் வயிற்று வலி. அது என்னவென்று தெரிவதற்குள் எல்லை தாண்டிவிட்டது. நாம் பிறந்து வளர்ந்த ஊருக்கே உன்னைக் கொண்டுவந்து படுக்க வைத்தோம். கடைசிப் புத்தகத்தின் அச்சுப்பிழைகளைக் கட்டிலில் சாய்ந்தபடியே திருத்தினாய். பென்சிலை இரண்டு கையாலும் பிடித்தாய்.

நீ போவதற்கு இரண்டு நாள் முன்பு. மத்தியானம், கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"செ... செல்..."

"செல்வி நல்லா இருக்காக்கா. நீ பேசாத. தூங்கு."

நீ என்னைப் பார்த்தாய். ரேஷன் கடை வாசலில் பார்த்த அதே பார்வை. கொட்டு வைக்கத்தான் கையில் பலம் இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. பேச முடியவில்லையா, பேசப் பிடிக்கவில்லையா?

என்ன சொல்ல வந்தாய் அக்கா? செல்வியைப் போய்ப் பார் என்றா? செல்வியிடம் நானே சொல்லிவிட்டேன் என்றா? செல்வியை விடு, அது முடிந்துபோன கதை என்றா? ஒருவேளை செல்போனைக் கொடு என்று கேட்க வந்தாயோ என்னவோ. அதையும் நான் கேட்கவில்லையே.

இந்த ஒரு வருஷமாக எனக்கு ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. லைனில் நடந்துகொண்டே இருக்கிறேன். பெண்கள் "இன்னா மேடம், கால்ல சக்கரம் கட்டிட்டீங்களா" என்று சிரிக்கிறார்கள். ஆராதனையில் பாவ அறிக்கை சொல்லும்போது மட்டும் இருமல் வருகிறது. ஜான்சன் டாக்டரிடம் போகலாம் என்றார். போனோம். ஒன்றும் இல்லை என்றார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் வீட்டுக்கு வராமல் மாதனூர் பஸ் ஏறினேன். செல்வியின் வீடு எனக்குத் தெரியாது. விசாரித்தேன். "அங்கன்வாடி செல்வியா? கதை எழுதுற அம்மா வருவாங்களே, அந்த வீடுதானே?" என்று ஒருவர் கையைக் காட்டினார்.

தொகுப்பு வீடு. வாசலில் கோலம். செல்வி துணி அலசிக்கொண்டிருந்தாள். தலை முன்பக்கம் நரைத்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் பழைய பழக்கத்தில் எழுந்து நின்றாள்.

"வாங்க மேடம்."

பிளாஸ்டிக் நாற்காலி போட்டாள். அலமாரியில் உன் ஏழு புத்தகமும் அட்டை போட்டு வரிசையாக இருந்தன. பக்கத்தில் உன் கையெழுத்துத் தாள்கள் ஒரு கட்டு. அவள் மகள் பவித்ரா உள்ளேயிருந்து வந்தாள். இப்போது பி.காம் முதல் வருஷம்.

"எஸ்தர்க்கா அடக்கத்துக்கு வந்திருந்தேன் மேடம். நீங்க தங்கச்சின்னு அப்பதான் தெரிஞ்சுது. நீங்க பாக்கல" என்றாள் செல்வி.

நான் பார்த்தேன் அக்கா. கல்லறைத் தோட்டத்து கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். பார்த்துவிட்டுத்தான் திரும்பிக்கொண்டேன்.

அவளாகவே சொல்ல ஆரம்பித்தாள். வேலை போன பிறகு அவள் பேரைக் கேட்டதும் மற்றக் கம்பெனிகள் கேட்டைச் சாத்தினவாம். வீட்டிலேயே உட்கார்ந்து கையால் ஷூ மேல்பாகம் தைத்தாளாம். விரல் எல்லாம் ஊசி ஓட்டை. அப்போதுதான் நீ முதல் தடவை வந்தாயாம். "உன் வே... வேலை என்னாலதான் போச்சு" என்று சொல்லிவிட்டு நின்றாயாம். அவள் கண்டபடி திட்டி அனுப்பினாளாம். அடுத்த சனிக்கிழமையும் வந்தாய். அதற்கடுத்த சனிக்கிழமையும். மூன்றாவது வாரம் செல்வி கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பவித்ராவுக்கு ஒரு கதை படித்துக் காட்டிவிட்டுப் போனாயாம்.

"அதுல ஒரு யானை வரும்" என்றாள் பவித்ரா. அவளுக்கு அப்போது ஒன்பது வயது. "எங்க ஊர்ல ஏது யானை, எருமை போடு பெரிம்மான்னு சொன்னேன். அடுத்த வாரம் எருமையோட வந்தாங்க. அப்பதான் அம்மா கதவத் தெறந்தது."

அங்கன்வாடி உதவியாளர் வேலைக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தது நீதானாம். எட்டு வருஷம் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறாய். என் வீட்டு மாடியில் இருந்துகொண்டு, என் கையால் சாப்பிட்டுவிட்டு.

அவள் சொல்லி முடிக்கும் வரை நான் வாயைத் திறக்கவில்லை. முடித்ததும் சொன்னேன்.

"செல்வி, ஃபேன் விஷயத்த அக்காகிட்ட சொன்னது நான்தான்."

"எந்த விஷயம் மேடம்?"

"மூணு வாரமா ஓடலன்னு."

அவள் என்னையே பார்த்தாள். "அந்த லெட்டர்ல நீங்கதான மேடம் கையெழுத்து போட்டீங்க."

"ஆமா."

"என் பக்கத்துல நின்னுக்கினு போட்டீங்க."

"ஆமா செல்வி."

எழுந்து பின்பக்கம் போனாள். குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள். 'மேடம்' போய்விட்டது.

"எத்தன தடவ கேட்டிருப்பேன் அவங்கள? யாருக்கா சொன்னது, யாருக்கான்னு. வாயத் தெறக்கல. நான் இன்னா நெனச்சேன் தெரியுமா? யாரும் சொல்லல, அவங்களே எதையோ எழுதிட்டாங்க, என் தலைல விடிஞ்சிடுச்சுன்னு. அப்படி நெனச்சித்தான் அவங்கள மன்னிச்சேன். அந்தப் பழியையும் அவங்களே சொமந்தாங்களா?" முந்தானையில் முகத்தைத் துடைத்தாள். "அப்ப அவங்க இங்க வந்தது எனக்காக இல்ல. உனக்காக."

பவித்ராதான் பேசினாள்.

"இல்லம்மா. எனக்காக வந்தாங்க. என்னக் கேக்காம ஒரு கதைக்குக்கூட முடிவு வெச்சதில்ல."

செல்வி அழுதாள். உனக்காகத்தான் அழுதாள். நான் அங்கே இருப்பதே அவளுக்கு மறந்துவிட்டது போலிருந்தது. நான் வெட்கமில்லாமல் கேட்டேன், என்னைப் பற்றி நீ அவளிடம் எப்போதாவது ஏதாவது சொன்னாயா என்று.

"தங்கச்சி இருக்கா, அவளுக்கு அவசரம் ஜாஸ்தி, பேச உடமாட்டான்னு சிரிப்பாங்க. அவ்ளோதான்."

"என்ன மன்னிச்சிடு செல்வி."

"நீ மன்னிப்புக் கேட்டுட்டு பஸ் ஏறிடுவ. எனக்கு இன்னா? ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுல அப்ப கூட வேல செஞ்சவங்க பாத்தா இன்னும் பேசறாங்க, கம்பெனியக் காட்டிக் குடுத்தவன்னு. நான் சொல்லியிருந்தா, ஆமா சொன்னேன், ஆறு பேரு வுழுந்தாங்க, அதனால சொன்னேன்னு நிமிர்ந்து நின்னிருப்பேன். செய்யாததுக்கு எப்படி நிமிர்றது? பேப்பர்ல வந்துதானே போச்சு. பேப்பர்லயே வரட்டும். என் பேரப் போடு. உன் பேரையும் போடு. அப்புறம் வா, மன்னிக்கறதப் பத்திப் பேசலாம்."

பவித்ரா பஸ் நிறுத்தம் வரை வந்தாள். பஸ் வந்தபோது, "அம்மா கோவம் சீக்கிரம் போகாது ஆன்ட்டி. ஆனா நீங்க எழுதுங்க" என்றாள். உன்னைப் பெரிம்மா என்று கூப்பிட்டவள். முறைப்படி நான் சித்தி. கேட்டு வாங்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

வீட்டுக்கு வந்து ஜான்சனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாட்சிக் கையெழுத்து அவருக்கும் தெரியாது. "இப்ப போய் எதுக்கு ரூத்து? அக்காவே சொல்லாம போய்ட்டாங்களே" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் போய் நின்றார். "குடும்பத்துல ஒருத்தர் இப்படி இருந்தா போதும்னு நெனச்சேன்" என்றார். கோபமா, பெருமையா என்று தெரியவில்லை. மறுநாள் காலை என் சாப்பாட்டுப் பையில் ஒரு புதுப் பேனா இருந்தது.

பதிப்பாளர் சாரிடமும் போனில் சொன்னேன். "நினைவு மலர்மா இது, குழந்தைங்க படிக்கிறது" என்று தயங்கினார். "குழந்தைங்ககிட்ட அக்கா எதையும் மறைச்சதில்ல சார்" என்றேன். ஒரு நாள் யோசித்தார். கம்பெனி பேர் வேண்டாம், மற்றதெல்லாம் அப்படியே போடுகிறேன் என்றார். கம்பெனி பேர் எனக்கும் தேவையில்லை. செல்வியின் பேர் போதும்.

ஆகவே இதைப் படிக்கிற எல்லோருக்கும், முக்கியமாக அந்த ஹாலில் அன்றைக்கு வேலை செய்த பெண்களுக்கு: ஃபேன் மூன்று வாரம் ஓடவில்லை என்று எஸ்தரிடம் சொன்னது ஒட்டுப் பிரிவில் வேலை செய்த செல்வி அல்ல. தையல் லைன் சூப்பர்வைசராக இருந்த ரூத் சொன்னாள். செல்வி செய்யாததற்கு வேலை இழந்தாள். அது தெரிந்தும் நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். சொன்னதற்கு நான் வெட்கப்படவில்லை. கையெழுத்துப் போட்டதற்கு வெட்கப்படுகிறேன்.

இதை எழுதியதும் நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. நீ எழுதிய செய்தி ஒவ்வொன்றும் அச்சாவதற்கு முந்தைய நாள் உனக்கும் இப்படித்தான் இருந்ததா? நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை மலர் கைக்கு வருகிறது. முதல் பிரதி செல்விக்கு, பவித்ராவிடம் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை காலை, ஷிஃப்ட் மணி அடிப்பதற்கு முன்னால், இன்னொரு பிரதியோடு ஹெச்.ஆர். அறைக்குப் போவேன். செல்வியின் ஃபைலில் இருக்கும் அந்தக் கடிதத்தோடு இதையும் சேர்த்து வைக்கச் சொல்வேன். அவளுக்கு அந்தக் கம்பெனி எழுத்தில் ஒரு பதில் தரும் வரை ஒவ்வொரு திங்கட்கிழமையும் போய் நிற்பேன். கேட்டுக்கு உள்ளே விட்டால் உள்ளே. விடாவிட்டால் வெளியே. இது என் வாக்கு, அக்கா.

உன்கூடப் பிறந்தவள்,
ரூத்